தமிழை அனுமதித்த பிறகும் தமிழ் மெயில் ஏன் ஸ்பேமுக்குப் போகிறது?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறீர்கள். முன்னால் மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ். பின்னால் ஸ்பேம்அசாசின், அதாவது விதி விதியாகப் புள்ளி போட்டு, மொத்தம் 5-ஐத் தொட்டால் ஸ்பேம் என்று ஒதுக்கும் வடிகட்டி. சீன, ரஷ்ய மொழி ஸ்பேம் தொல்லை தாங்காமல் ‘ஓகே லோகேல்ஸ்’, ‘ஓகே லாங்குவேஜஸ்’ என்ற இரண்டு வரிகளிலும் ஆங்கிலத்தையும் தமிழையும் மட்டும் அனுமதித்தீர்கள். அதற்குப் பிறகும் சீன மெயிலில் பாதி உள்ளே வருகிறது. கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் அனுப்பும் தமிழ் மெயிலும், ஜெர்மனி பையர் எழுதிய மெயிலும் ஸ்பேம் ஃபோல்டரில் கிடக்கின்றன. ‘மொழியை எப்படிச் சரியாக செட் செய்வது?’ என்பது உங்கள் கேள்வி. அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. எழுத்துக் குறியாக்கமும் மொழியும் ஒன்றா? தமிழை அனுமதித்த பிறகும் தமிழ் ஏன் மாட்டுகிறது? மொழியை வைத்து ஸ்பேமைப் பிடிப்பது உங்கள் அலுவலகத்துக்கு ஒத்துவருமா? சிறு அலுவலகங்களின் மெயில் சர்வர்களை இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பராமரித்துவருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். விதிகளின் பெயர்களை இங்கே தமிழில் எழுதுகிறேன். உங்கள் கோப்பில் அவை ஆங்கில எழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டு இருக்கும்.

முதலில் அந்த இரண்டு வரிகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலரும் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். ‘ஓகே லோகேல்ஸ்’ மெயிலின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. மெயிலின் தலைப்பகுதியில் ‘இது இந்த கேரக்டர் செட்டில் (எழுத்துக் குறியாக்கத்தில்) எழுதப்பட்டது’ என்று ஒரு அறிவிப்பு இருக்குமே, அதை மட்டும்தான் பார்க்கிறது. அங்கே ‘எல்லாம்’ என்பதைத் தவிர நீங்கள் கொடுக்கக்கூடிய மதிப்புகள் மொத்தமே ஆறுதான்: மேற்கத்திய எழுத்துகளுக்கு ஒன்று, ஜப்பான், கொரியா, ரஷ்யா, தாய்லாந்து, சீனம் என ஆளுக்கு ஒன்று. தமிழுக்கு அதில் இடமே கிடையாது. நீங்கள் எழுதிய தமிழ்க் குறியீட்டால் அந்த வரியில் ஒரு பலனும் இல்லை.

தமிழை வேண்டுமென்று ஒதுக்கவில்லை. அந்த வரி பிறந்த காலம் அப்படி. ஸ்பேம்அசாசின் வந்தது 2001-இல். அப்போது சீன மெயில் என்றால் ஜிபி2312 அல்லது பிக்5, ரஷ்ய மெயில் என்றால் கோய்8-ஆர், கொரிய மெயில் என்றால் ஈயுசி-கேஆர் என்று ஒவ்வொரு மொழிக்கும் தனிப் பெட்டி இருந்தது. பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டைப் பார்த்தாலே உள்ளே இருப்பது என்ன மொழி என்று தெரிந்துவிடும். அதற்கும் முன்பு ப்ராக்மெயில் என்ற பழைய வடிகட்டியை வைத்திருந்தவர்கள் இந்தப் பெயர்களையே தேடி மெயிலைத் தூக்கிப் போட்டார்கள். இன்று எல்லா மொழியும் ஒரே பெட்டியில், யுடிஎஃப்-8-இல் வருகிறது. ஸ்பேம்அசாசினின் நிரலில் யுடிஎஃப் என்று தொடங்கும் எந்த கேரக்டர் செட்டும், நீங்கள் எந்த லோகேல் வைத்திருந்தாலும், கேள்வி கேட்காமல் அனுமதிக்கப்படுகிறது. அதனால்தான் உங்களுக்குச் சீன மெயில் பாதி நின்று பாதி வருகிறது. நிற்பவை பழைய ஜிபி2312, பிக்5 சீட்டு ஒட்டியவை. ‘சார்செட் ஃபாரவே’ என்ற விதி அவற்றுக்கு 3.2 புள்ளி போடும். யுடிஎஃப்-8 சீட்டோடு வரும் சீன மெயிலுக்கு அந்த விதி கண்ணை மூடிக்கொள்ளும். இதை செட்டிங் மாற்றிச் சரிசெய்ய முடியாது. இந்த வரியை ‘எல்லாம்’ என்ற இயல்பு நிலைக்கே திருப்பி வைத்துவிடுங்கள் என்பது என் கருத்து. உங்களுக்கு மெஷின் அனுப்பும் சீன சப்ளையர்களில் பழைய மென்பொருள் வைத்திருப்பவர் இன்னும் இருப்பார், 3.2 புள்ளி முதலில் விழுவது அவர் தலையில்தான்.

அடுத்தது ‘ஓகே லாங்குவேஜஸ்’. இது வேறு சங்கதி. டெக்ஸ்ட்கேட் என்ற செருகுநிரல் இருந்தால்தான் இந்த வரி வேலை செய்யும். புதிதாக நிறுவும்போது அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். ‘வி310’ என்ற பெயருள்ள கோப்பில் அந்த வரியின் முன்னால் உள்ள ஹாஷ் குறியை எடுத்தால்தான் ஓடும். உங்களுக்கு ‘அன்வான்டட் லாங்குவேஜ்’ (வேண்டாத மொழி) என்ற விதியின் புள்ளி விழுகிறது என்பதால், அதை நீங்களோ உங்களுக்கு முன்பு இருந்தவரோ எடுத்திருக்கிறீர்கள். டெக்ஸ்ட்கேட் மெயிலின் உள்ளே இருப்பதைப் படிக்கிறது. படிக்கிறது என்றால் அகராதி வைத்து அல்ல. ஒன்று முதல் ஐந்து எழுத்துவரை உள்ள துண்டுகளாக வெட்டி, எந்தத் துண்டு அடிக்கடி வருகிறது என்று வரிசைப்படுத்தி, தன்னிடம் உள்ள ஒவ்வொரு மொழியின் வரிசையோடும் ஒப்பிடுகிறது. காவ்னார், ட்ரெங்கிள் என்ற இருவர் 1994-இல் வெளியிட்ட முறை இது. எளிமையான, கெட்டிக்காரத்தனமான முறை. தமிழும் இதன் பட்டியலில் உண்டு.

ஆனால் அந்த முறைக்குத் தீனி போதுமான அளவு வேண்டும். 256 பைட்டுக்குக் குறைவான மெயிலை டெக்ஸ்ட்கேட் தொடுவதே இல்லை. ஒரு படத்தை மட்டும் ஒட்டி, கீழே ஒரு இணைப்பு கொடுத்து வரும் சீன ஸ்பேம் அப்படித்தான் தப்பிக்கிறது. அதற்கு மேல் இருந்தாலும், பல மொழிகள் ஏறத்தாழ ஒரே தூரத்தில் வந்து நின்றால் ‘தெரியவில்லை’ என்று விட்டுவிடும், புள்ளி போடாது. அப்படிச் சந்தேகம் வரும்போது விட்டுவிடுவது நல்ல வடிவமைப்பு.

சரி, உங்கள் தமிழ் மெயிலுக்கு வருவோம். நீங்கள் ஒட்டியிருந்த ஸ்கோர் அறிக்கையில் எனக்கு முக்கியமாகப் பட்டது ‘அன்வான்டட் லாங்குவேஜ் பாடி’ போட்ட 2.8 அல்ல. அதற்குக் கீழே ‘பாடி 8 பிட்ஸ்’ என்று 1.5 புள்ளி விழுந்திருக்கிறது பாருங்கள், அதுதான். அந்த விதியும் டெக்ஸ்ட்கேட்டோடு வருவது. தொடர்ந்து எட்டு பைட்டுகள் ஆஸ்கிக்கு, அதாவது அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுதிக்கு, வெளியே இருந்தால் அது பாயும். யுடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். ‘அம்மா’ என்று எழுதினாலே அகரம், மகரம், புள்ளி, மகரம், துணைக்கால் என்று ஐந்து குறிகள், 15 பைட். எனவே மூன்று குறிகளாவது உள்ள எந்தத் தமிழ்ச் சொல்லும் இதில் மாட்டும். இதற்காகவே அந்த விதியில் ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள்: அனுமதித்த மொழிகளில் தமிழ், இந்தி, அரபி, ரஷ்யன், சீனம் போன்ற ஒன்று இருந்தால் விதி பாயவே கூடாது.

இப்போது யோசித்துப் பாருங்கள். தமிழை அனுமதித்ததாகச் சொல்கிறீர்கள். அது நடைமுறையில் இருந்தால் இந்த 1.5 புள்ளி விழவே வாய்ப்பில்லை. விழுந்திருக்கிறது. எனவே நீங்கள் எழுதிய வரி அந்த மெயிலுக்குப் பயன்படவில்லை. இதை உறுதியாகச் சொல்வேன். வேறு எங்கோ எழுதியிருக்கும் ஒரு வரி, பெரும்பாலும் ஆங்கிலத்தை மட்டும் அனுமதிக்கும் ஒரு வரி, அதை மேலெழுதிக்கொண்டிருக்கலாம்.  காரணம் எது என்பது என் ஊகம். முதல் சந்தேகம் பயனரின் சொந்த விருப்பக் கோப்பு. ஒவ்வொரு பயனரின் வீட்டு அடைவிலும், ஸ்பேம்அசாசின் என்ற மறைந்த அடைவுக்குள் ‘யூசர் ப்ரெஃப்ஸ்’ என்று ஒன்று இருக்கும். மொத்த சர்வருக்கான ‘லோக்கல்’ கோப்பில் நீங்கள் என்ன எழுதினாலும், இதில் உள்ள வரிதான் கடைசி வார்த்தை. கணக்குப் பிரிவுக்கு மட்டும் இந்தத் தொல்லை வருகிறது என்று சொன்னீர்களே, அதுவும் இந்தச் சந்தேகத்தைக் கூட்டுகிறது. இரண்டாவது, ‘லோக்கல்’ கோப்பு இருக்கும் அதே அடைவில் இன்னொரு கோப்பு. அங்குள்ள கோப்புகள் அகரவரிசைப்படி படிக்கப்படும். பின்னால் வருவது முன்னால் வந்ததை அழிக்கும். மூன்றாவது, மாற்றிய பிறகு ஸ்பேம்அசாசினின் பின்னணி நிரலான ஸ்பேம்டியை மறுபடி தொடங்காமல் விட்டது. மெயில் சர்வரையும் வடிகட்டியையும் இணைக்கும் அமாவிஸ் என்ற நிரல் வழியாக ஸ்பேம்அசாசின் ஓடுகிறது என்றால் அமாவிஸைத்தான் மறுபடி தொடங்க வேண்டும். இதில் ஏமாறாத நிர்வாகியை நான் பார்த்ததில்லை.

சோதிக்கும் வழி எளிது. மாட்டிய தமிழ் மெயில் ஒன்றை அதன் ஹெடர்களோடு அப்படியே கோப்பாகச் சேமியுங்கள். எந்தப் பயனருக்கு வந்ததோ அந்தப் பயனராக மாறி, ஸ்பேம்அசாசினை டீபக் (பிழை தேடும்) நிலையில், கான்ஃபிக், டெக்ஸ்ட்கேட் என்ற இரண்டு பகுதிகளை மட்டும் காட்டச் சொல்லி ஓட்டுங்கள். எந்தெந்தக் கோப்பைப் படித்தது, எந்த மொழி என்று முடிவு செய்தது என்பது திரையில் வந்துவிடும். ரூட்டாக (சர்வரின் தலைமைப் பயனராக) ஓட்டினால் ரூட்டின் விருப்பக் கோப்பைப் படித்துவிட்டு ‘எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது’ என்று காட்டும். அதை நம்ப வேண்டாம்.

இதைச் சரிசெய்தாலும் தமிழ் மெயில் எல்லாம் பிழைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். நம் ஆட்கள் எழுதும் தமிழ் பல உருவங்களில் வருகிறது. முதலாவது, ஆங்கில எழுத்தில் தட்டும் தமிழ். ‘சார், நாளைக்கு லோடு கிளம்பிடும்’ என்பதை ரோமன் எழுத்தில் அடித்தால் டெக்ஸ்ட்கேட்டுக்கு அது தமிழும் அல்ல, ஆங்கிலமும் அல்ல. ரோமன் எழுத்தில் எழுதப்படும் வேறு ஏதோ ஒரு மொழியின் அருகில் கொண்டுபோய் நிறுத்தும், அல்லது தெரியவில்லை என்று விடும். வேறு மொழி என்று முடிவு செய்தால் 2.8 புள்ளி. எந்த மொழிக் குறியீட்டை அனுமதித்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் ரோமன் தமிழுக்கு அங்கே மாதிரியே இல்லை.

இரண்டாவது, பாமினி எழுத்துரு. பழைய கணினிகளில் இன்னும் பாமினியில் தட்டி, அதை அப்படியே மெயிலில் ஒட்டுகிறார்கள். பாமினியில் ‘தமிழ்’ என்ற சொல் கணினிக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளாகத்தான் இருக்கிறது. எழுத்துரு அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது, அவ்வளவே. மொழி கண்டறியும் எந்தக் கருவிக்கும் அது அர்த்தமில்லாத எழுத்துக் குவியல். 1999-இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற தமிழ்க் குறியாக்கத் தரங்களை அறிவித்தது, இணையக் குழுக்களில் திஸ்கி என்ற குறியாக்கம் பரவலாக இருந்தது என்பதெல்லாம் நினைவிருக்கும். திஸ்கி மெயில்கள் பெரும்பாலும் ‘பயனர் வரையறுத்தது’ என்ற சீட்டோடோ, ஐஎஸ்ஓ-8859-1 என்ற பொய்ச் சீட்டோடோதான் போயின. அவை இன்று வருவது அரிது. பாமினி மட்டும் நிற்கவில்லை. கணக்குப் பிரிவில் யாராவது அப்படி ஒட்டுகிறார்களா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். யூனிகோடுக்கு மாற்றித் தட்டப் பழக்குவதுதான் இதற்கு வழி.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் கவனிப்பதில்லை. மெயில் ஹெடரில், அதாவது சப்ஜெக்ட் வரியிலும் அனுப்புநர் பெயரிலும், பொதுவாகத் தமிழை நேரடியாகப் போட்டுவிட முடியாது. 1996-இல் வந்த ஆர்எஃப்சி 2047 என்ற விதிமுறைப்படி அதை ஒரு உறைக்குள் வைத்து அனுப்ப வேண்டும். கேரக்டர் செட்டின் பெயர், எந்த முறையில் மாற்றினோம் என்பது, பிறகு மாற்றிய எழுத்து. ஒரு உறை 75 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. கேரக்டர் செட் யுடிஎஃப்-8, மாற்றும் முறை பேஸ்64 (மூன்று பைட்டை நான்கு ஆங்கில எழுத்துகளாக்கும் முறை) என்றால் உறையின் ஓரங்களுக்கே 12 எழுத்து செலவு. மீதி 63-இல் பேஸ்64 நான்கு நான்காகத்தான் வரும் என்பதால் 60 எழுத்து. அதில் 45 பைட் அடங்கும். தமிழுக்கு மூன்று பைட் வீதம் 15 குறிகள். ‘வாடிக்கையாளர்’ என்ற ஒரே சொல்லில் 13 குறிகள் இருக்கின்றன. எனவே சாதாரணமாக நான்கு சொல் உள்ள தமிழ் சப்ஜெக்ட்டுக்கு மூன்று நான்கு உறைகள் வேண்டும். ஒரு குறியின் மூன்று பைட்டுகளை இரண்டு உறைக்குள் பிரித்துப் போடக் கூடாது என்பதும் அதே விதிமுறை.

நல்ல மெயில் மென்பொருள்கள் இதை ஒழுங்காகச் செய்கின்றன. பில் அனுப்பும் நிரல், வருகைப்பதிவு இயந்திரம், யாரோ அவசரத்துக்கு எழுதிக்கொடுத்த பிஎச்பி ஸ்கிரிப்ட் போன்றவை செய்வதில்லை. சில சப்ஜெக்ட்டை உறை இல்லாமல் அப்படியே அனுப்பும்; ‘சப்ஜெக்ட் இல்லீகல் கேர்ஸ்’ என்ற விதி இதற்கென்றே இருக்கிறது. சில குறியின் நடுவே வெட்டும்; பெறுபவருக்கு நடுவில் கேள்விக்குறி வைரம் தெரியும். இன்னும் சில, மெயிலின் உடலை பேஸ்64-இல் போட்டுவிட்டு கேரக்டர் செட் எது என்று சொல்லாமல் விடும். கேரக்டர் செட் சொல்லாத உரையை ஆஸ்கி என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதிமுறை. வெறும் ஆஸ்கி உரையை பேஸ்64-இல் மறைப்பது ஸ்பேமர்களின் பழைய பழக்கம் என்பதால் அதற்கும் தனியாகப் புள்ளி உண்டு. தமிழ் என்பதால் விழுவதாக நாம் நினைக்கும் புள்ளிகளில் பல இப்படி உறை சரியில்லாததால் விழுபவை. உங்கள் கணக்கு மென்பொருள் அனுப்பும் மெயில் ஒன்றின் மூலத்தைத் திறந்து சப்ஜெக்ட் வரியைப் பாருங்கள். அங்கே தமிழ் எழுத்து தமிழாகவே தெரிந்தால் சரிசெய்ய வேண்டியது அந்த மென்பொருளை. உங்கள் வடிகட்டியைத் தளர்த்தி அதை உள்ளே விட்டாலும், வெளியே உள்ள வாடிக்கையாளரின் வடிகட்டி விடாது.

நான்காவது காரணம் பேய்ஸ். ஸ்பேம்அசாசின் தானே கற்றுக்கொள்ளும் பகுதி அது. குறைந்தது 200 ஸ்பேமும் 200 நல்ல மெயிலும் கற்ற பிறகுதான் வேலை தொடங்கும். நான் ஓர் அலுவலகத்தில் பார்த்த கதையைச் சொல்கிறேன். அங்கே ஊழியர்கள் தமிழில் வரும் கடன் விளம்பரங்களை ஒழுங்காக ஸ்பேம் என்று குறித்தார்கள். நல்ல தமிழ் மெயிலை யாரும் ‘இது நல்லது’ என்று குறிக்கவில்லை. எதற்குக் குறிக்க வேண்டும், அதுதான் இன்பாக்ஸுக்கு வந்துவிட்டதே. பேய்ஸ் பார்த்த தமிழ்ச் சொல் எல்லாம் ஸ்பேமில்தான். ‘வணக்கம்’, ‘தங்கள்’, ‘ரூபாய்’ என்ற சொற்களே குற்றச்சாட்டாகிவிட்டன. பேய்ஸ் உறுதியாக ஸ்பேம் என்று சொன்னால் அதன் மேல் படி மட்டும் 3.5 புள்ளி. மொழி வடிகட்டியை முழுதாக அணைத்த பிறகும் அங்கே தமிழ் மெயில் மாட்டிக்கொண்டே இருந்தது. காரணம் கண்டுபிடிக்க எனக்கு நாள் ஆனது. நல்ல தமிழ் மெயில்களைச் சில நூறு சேர்த்து ‘ஹாம்’ என்று கற்றுக்கொடுத்ததும் நின்றது. உங்கள் அறிக்கையில் பேய்ஸ் வரி இல்லை, எனவே இப்போதைக்கு இது உங்கள் பிரச்சினை இல்லை. ஆனால் கற்றுக்கொடுப்பதைத் தொடங்கும்போது இரண்டு பக்கமும் தமிழ் இருக்கட்டும்.

இனி ஜெர்மனி பையர். அவர் விஷயத்தில் வடிகட்டியைக் குறை சொல்ல முடியாது. ஆங்கிலமும் தமிழும் தவிர மற்றதெல்லாம் வேண்டாத மொழி என்று சொன்னீர்கள், அது கேட்டது. ஜெர்மனில் நான்கு பத்தி எழுதினால் 2.8, மீதி 2.2 சேர்ந்தால் 5 என்ற எல்லை. கையெழுத்துக்குக் கீழே நீளமான ஜெர்மன் சட்ட வாசகம் ஒட்டும் நிறுவனங்கள் நிறைய. மெயில் ஆங்கிலத்தில் இரண்டு வரி, கீழே ஜெர்மனில் இருபது வரி என்றால் மொத்தமும் ஜெர்மனாகத்தான் கணக்காகும். திருப்பூரில் இருந்துகொண்டு ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஸ்பானிஷ் மெயிலை வேண்டாத மொழி என்று சொல்வது, கடைக்கு வருபவரைக் கதவிலேயே நிறுத்துவது போல. உள்ளூர்ப் பள்ளி ஒன்றின் சர்வருக்கு இந்த செட்டிங் பொருந்தலாம். ஏற்றுமதி அலுவலகத்துக்குப் பொருந்தாது.

ஆகவே நான் செய்யச் சொல்வது இது. ‘அன்வான்டட் லாங்குவேஜ்’ விதியை அணைத்துவிடாமல் முதலில் அதன் புள்ளியை 0.01 ஆக்குங்கள். பூஜ்யம் வைத்தால் விதி ஓடவே ஓடாது, 0.01 என்றால் ஓடும், ஆனால் தீங்கு செய்யாது. டெக்ஸ்ட்கேட் கண்டுபிடித்த மொழியை ஒவ்வொரு மெயிலின் ஹெடரிலும் எழுதச் சொல்ல ஒரு வழி உண்டு. ‘ஆட் ஹெடர்’ வரியில் ‘லாங்குவேஜஸ்’ என்ற குறிச்சொல்லைக் கொடுத்தால் போதும். இரண்டு வாரம் அப்படி விடுங்கள். அப்புறம் உங்களுக்கு வந்த நல்ல மெயில்களில் எந்தெந்த மொழி இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பட்டியல்தான் உங்கள் ‘ஓகே லாங்குவேஜஸ்’. நீங்கள் எதிர்பார்க்காத மொழி ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கும்; ஷிப்பிங் ஏஜென்ட்டின் தானியங்கிப் பதில் போலந்து மொழியில் வரும், ரோமன் தமிழ் வேறு ஏதோ பெயரில் வரும். குறியீடுகளை இடைவெளி விட்டு வரிசையாக எழுதுங்கள். அதற்குப் பிறகு புள்ளியை 1 அளவுக்கு உயர்த்தலாம், 2.8 வேண்டாம். மொழி தனியாக ஒரு மெயிலைக் கொல்லக் கூடாது. மற்றக் காரணங்கள் இருக்கும்போது ஒரு கை கொடுக்கலாம், அவ்வளவுதான். இன்னும் நுணுக்கமாகச் செய்ய விரும்பினால், ‘வேண்டாத மொழி, கூடவே அனுப்பிய சர்வரின் ஐபி முகவரிக்குப் பெயர் (ரிவர்ஸ் டிஎன்எஸ்) இல்லை’ என்பதுபோல இரண்டும் சேர்ந்தால் மட்டும் கூடுதல் புள்ளி போடும் மெட்டா விதி எழுதலாம். என் அனுபவத்தில் நன்றாக வேலை செய்வது அதுதான்.

யுடிஎஃப்-8-இல் வரும் சீன, ரஷ்ய மெயிலுக்கு எழுத்து வகையை நேரடியாகப் பார்க்கும் விதி எழுதலாமே என்று கேட்பீர்கள். எழுதலாம். அதற்கு முன்னால் ‘நார்மலைஸ் சார்செட்’ என்ற வரி இயங்குகிறதா என்று பாருங்கள். எந்தக் குறியாக்கத்தில் வந்தாலும் விதிகளுக்குக் காட்டும் முன் யுடிஎஃப்-8-க்கு மாற்றித் தருவது அது. 2022 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பிலிருந்து இயல்பாகவே இயங்கும். அதற்கு முந்தையது என்றால் நீங்கள்தான் போட வேண்டும். யுடிஎஃப்-8-இல் சிரிலிக் எழுத்துகள் பெரும்பாலும் 208 அல்லது 209 என்ற பைட்டில் தொடங்கும். பொதுப் புழக்கத்தில் உள்ள சீன எழுத்துகள் 228 முதல் 233 வரை. தமிழ் 224-இல் தொடங்கி அடுத்தது 174 அல்லது 175. தொடர்ந்து இத்தனை எழுத்து இருந்தால் என்று ஒரு விதி எழுதுவது கடினமல்ல. ஆனால் எழுத்து வேறு, மொழி வேறு என்பதை மறக்கக் கூடாது. சீனத்துக்கான விதி ஜப்பானிய மெயிலையும் பிடிக்கும், ஏனென்றால் காஞ்சி எழுத்துகள் அதே இடத்தில்தான் இருக்கின்றன. சிரிலிக் விதி பல்கேரியனையும் உக்ரேனியனையும் சேர்த்துப் பிடிக்கும். தமிழ் எழுத்தைப் பொறுத்தவரை நமக்கு ஒரு வசதி: தமிழ் எழுத்தில் வருவது ஏறத்தாழ எப்போதும் தமிழ்தான். மதுரைப் பக்கம் சௌராஷ்டிர மொழியைத் தமிழ் எழுத்தில் எழுதுபவர்கள் உண்டு. அதையும் நீங்கள் தடுக்கப்போவதில்லை. எனவே தமிழைக் காப்பாற்ற மொழி மாதிரியை நம்புவதைவிட, தமிழ் எழுத்து இவ்வளவு இருந்தால் ‘வேண்டாத மொழி’ புள்ளியை ஈடுசெய்யும் ஒரு சிறிய கழித்தல் விதி எழுதுவது உறுதியானது. கழித்தல் அந்த அளவோடு நிற்கட்டும். அதற்கு மேல் சலுகை கொடுத்தால் தமிழ் ஸ்பேமுக்குக் கதவு திறந்ததாகிவிடும்.

ஆர்ஸ்பேம்டி என்ற வேறொரு ஸ்பேம் வடிகட்டிக்கு மாறலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். வேகமானது, நல்லது. ஆனால் அதில் சார்டேபிள் என்ற பகுதி, ஒரே சொல்லுக்குள் இரண்டு வகை எழுத்து கலந்திருக்கிறதா என்று பார்க்கும். ரோமன் எழுத்துக்கு நடுவே அதைப்போலவே இருக்கும் சிரிலிக் எழுத்தை நுழைத்து ஏமாற்றுபவர்களைப் பிடிக்க வைத்தது அது. நாமோ ஆங்கில எழுத்தில் பிராண்ட் பெயரை எழுதி அதோடு ‘ஐ’, ‘இல்’, ‘க்கு’ என்று வேற்றுமை உருபைத் தமிழில் ஒட்டுகிறோம். மாறினால் முதல் சில வாரம் இந்த விதி தமிழ் மெயிலுக்கு எவ்வளவு புள்ளி போடுகிறது என்று பதிவுகளில் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் 365-இலும் மொழி, நாடு இரண்டையும் வைத்துத் தடுக்கும் வசதி உண்டு. பழைய அவுட்லுக்கின் ஜங்க் அமைப்பில் ‘இன்டர்நேஷனல்’ என்ற பக்கத்தில் குறியாக்கத்தையே தடுக்கலாம். நான் பெரிய அளவில் நிர்வகித்தது ஸ்பேம்அசாசினை மட்டுமே என்பதால் அவற்றின் நுணுக்கத்துக்குள் போகவில்லை. ஆனால் உங்கள் அலுவலகத்தில் யாராவது தன் அவுட்லுக்கில் அந்தப் பக்கத்தைத் தொட்டிருந்தால் சர்வரில் எதை மாற்றியும் பயனில்லை, அதையும் பார்த்துவிடுங்கள்.

மொழியைத் தொடாமலே சீன, ரஷ்ய ஸ்பேமைக் கணிசமாகக் குறைக்கும் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. உங்கள் சர்வர் டிஎன்எஸ்ஸுக்கு, அதாவது இணையப் பெயர்களுக்கு முகவரி கேட்பதற்கு, 8.8.8.8 போன்ற பொது ரிசால்வரை (அந்தக் கேள்விக்குப் பதில் தரும் சர்வரை) பயன்படுத்துகிறதா? அப்படியென்றால் ஸ்பேம்ஹாஸ் போன்ற தடைப்பட்டியல்கள் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் தருவதில்லை. பொது ரிசால்வர் வழியாக வரும் கேள்விகளை அவை ஏற்பதில்லை. அறிக்கையில் ‘யூஆர்ஐபிஎல் பிளாக்ட்’ என்ற வரி வந்தால் அதுவும் இதைத்தான் சொல்கிறது. சர்வரிலேயே அன்பவுண்ட் போன்ற ஒரு ரிசால்வரை நிறுவி, போஸ்ட்ஃபிக்ஸும் ஸ்பேம்அசாசினும் அதைக் கேட்கும்படி வையுங்கள். அந்த சீன மெயிலில் பெரும் பகுதி எந்த மொழி என்ற கேள்வி எழும் முன்பே, எங்கிருந்து வருகிறது என்பதாலேயே நின்றுவிடும்.

இதையெல்லாம் தொடங்கும் முன்பு இன்றைக்கே ஒரு வேலை இருக்கிறது. மொழி வரியை மாற்றிய நாளிலிருந்து இதுவரை ஸ்பேம் ஃபோல்டருக்குப் போனவற்றில் ‘அன்வான்டட் லாங்குவேஜ்’ புள்ளி விழுந்த மெயில்களை மட்டும் தேடி எடுங்கள். ஃபோல்டர் 30 நாளில் தானே காலியாகும்படி வைத்திருந்தால் அதை நிறுத்தி வையுங்கள். பிறகு அந்தப் பட்டியலை மெர்ச்சண்டைசரிடம் கொடுத்து, பெயர் பெயராகப் பார்க்கச் சொல்லுங்கள். எது பையர் எது ஸ்பேம் என்பது உங்களையும் என்னையும்விட அவருக்குத்தான் தெரியும்.